வீடியோவில் வந்த சீலைகள்

டென்மார்க்கில் எங்கள் பெண்கள் ஒரு சீலையை இரண்டு விசேஷத்துக்கு உடுத்துவதில்லை. அதற்குச் சட்டம் எதுவும் இல்லை, வீடியோ இருக்கிறது. ஹொல்ஸ்டெப்ரோவில் நடந்த சாமத்தியச் சடங்கை ரண்டர்ஸில் இருப்பவர்கள் சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். பெரியபிள்ளையானவள் எப்படி இருக்கிறாள் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. "இது போன கலியாணத்துக்கு உடுத்ததெல்லே?" என்று படத்தை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, இன்னுமொருதரம் பார்ப்பார்கள். நான் மட்டும் என்ன திறமோ? எங்கள் வீட்டில் ரிமோட் என் கையில்தான் இருக்கும்.

அப்படி வீடியோவில் வந்து ஆயுள் முடிந்த சீலைகளை நான் அக்காவுக்கு அனுப்பினேன். அக்கா வன்னியில் இருந்தாள். அத்தான் முன்னமே காய்ச்சலில் இறந்துவிட்டார். அவளும் இரண்டு பிள்ளைகளும்தான். சண்டை ஓய்ந்து வன்னிக்குப் பாதை திறந்திருந்த வருடங்களில் ஊருக்குப் போகிறவர்களைக் கெஞ்சி, அவர்களின் பெட்டி மூலையில் ஒரு பொதியைத் திணித்து விடுவேன். தங்கச்சிக்கு அக்காவில் உயிர் என்று ஊரில் பேர் எடுத்தேன். உண்மையில் என் அலுமாரிக்கு மூச்சு வந்தது, அவ்வளவுதான். அதிலும் பட்டு இரண்டே இரண்டுதான் விட்டேன். மற்றதெல்லாம் ஆட்கள் எனக்குத் தந்து, ஒருதரம் உடுத்து வெறுத்துப்போன, தடித்த நைலெக்ஸ் சீலைகள்.

இப்படிப்பட்டவள் ஐரோப்பிய உடுப்பு வரலாறு படிக்கப் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நான் முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். கிழமைக்கு ஒருநாள் வேலை முடிந்து அந்த வகுப்புக்குப் போவேன். கூட வந்தவள் மட்டக்களப்புக்காரி, இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. பெந்தகோஸ்தே சபையில் சேர்ந்த நாள் தொட்டு காது, கழுத்து, கை எல்லாம் வெறுமை. சீலை ஆசை மட்டும் அப்படியே இருந்தது. கேட்டால், "கர்த்தர் நகையத்தான் கேட்டவரு. சீலையக் கேக்கல்லகா" என்பாள்.

படிப்பித்த அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. முந்நூறு வருடத்துப் பட்டு, சரிகை, நிறங்கள் பற்றி உருகி உருகிச் சொல்லுவார், ஒவ்வொரு கிழமையும் அதே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில். கேட்டுக்கொண்டிருந்த டெனிஷ்காரிகள் எல்லாரும் கறுப்புக் காற்சட்டை, கறுப்புச் சட்டை, கழுத்தில் ஒரு சால்வை. முந்நூறு வருடம் பாடுபட்டு இவர்கள் வந்து சேர்ந்த இடம் இதுதானா என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது.

வகுப்பின் முதல் பயணம் கோபன்ஹேகனுக்கு. அருங்காட்சியகத்தில் யாரோ ஒரு சீமாட்டியின் பொன்நிறக் கவுன் நின்றது. கண்ணாடி இல்லை, குறுக்கே ஒரு கயிறு மட்டும். துணி ஒன்று கண்ணில் பட்டால் எங்கள் பெண்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் நாங்களும் செய்தோம். நான் கரையைப் பிடித்து இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தேன். மட்டக்களப்புக்காரி அதைத் திருப்பி மறுபக்கத் தையலைப் பார்த்தாள். "ஓரம் வடிவா அடிக்கல்லகா" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, மண்டபத்தின் எச்சரிக்கை மணி அலறியது. அதன்பிறகு ஆசிரியை எங்களுக்கென்று ஒரு சட்டம் போட்டார்: அருங்காட்சியகத்துக்குள் கைகள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

அந்த வருடம் மாசியோடு அக்காவின் சத்தம் நின்றுபோனது. வைகாசியில் போர் முடிந்தது என்றார்கள். அக்கா முடிந்தாளா, இருக்கிறாளா என்று சொல்ல ஒருவரும் இல்லை. என் மனுசன் கணினிக்கு முன்னால் இருந்து முகாம்களின் பெயர்ப் பட்டியல்களை வாசித்தார். நான் அவருக்குப் பின்னால் நின்று, வேகமாக வாசிக்கிறார் என்று ஏசினேன், மெதுவாக வாசிக்கிறார் என்றும் ஏசினேன். பயத்தை யாரிலாவது கொட்டவேண்டும், அவர்தான் பக்கத்தில் இருந்தார்.

ஆனியில் ஓகூஸுக்குப் பயணம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன்காரர் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் டென்மார்க் பெண்கள் உடுத்த உடுப்புகளின் கண்காட்சி. நான் வரவில்லை என்றேன்.

"போயிட்டு வா," என்றார் மனுசன். "நீ இப்பிடி முறைச்சுக்கொண்டிருந்தா போன் பயத்திலயே அடிக்காது."

போனேன். போனது மட்டுமல்ல, ஆவணியில் வரவிருந்த கலியாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த நீலக் காஞ்சிபுரத்தை உடுத்துக்கொண்டு போனேன். அதற்கென்று தைத்த புதுச் சட்டை கையில் இறுக்கமாக இருந்தது. தமிழ்க் கண் படாத இடத்தில் ஒருதரம் போட்டுப் பழகவேண்டும் என்று நினைத்தேன். அக்கா இருக்கிறாளா என்று தெரியாத நாளில் நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று மடிப்பு எடுத்திருக்கிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

கண்காட்சியில் மீன்தோலில் தைத்த சப்பாத்து இருந்தது. யன்னல் திரையை வெட்டித் தைத்த மேற்சட்டை இருந்தது. நடுவில், கண்ணாடிக்குள், பரசூட் துணியில் தைத்த கலியாண உடுப்பு. நாங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தோம். என்னையும் காட்சிப் பொருள் என்று நினைத்த ஒரு கிழவி இரண்டு படம் எடுத்தா. நான் அசையாமல் நின்று கொடுத்தேன். ஆசிரியை கண்ணாடிக்கு முன்னால் நின்று, எந்தப் போராலும் பெண்களின் அழகுணர்ச்சியைக் கொல்ல முடியாது என்றார். கறுப்புச் சட்டைக்காரிகள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

அந்த நேரம் என் கைப்பைக்குள் நாதஸ்வரம் வாசித்தது. மனுசன் என் போனில் போட்டுத் தந்த சத்தம் அது. இலங்கை இலக்கம், தெரியாத இலக்கம்.

"எடி, நான்தான்," என்றது குரல்.

"அக்கா?"

"ஓம். முகாமில நிக்கிறன். ஆற்றையோ போன், ரண்டு நிமிசம்தான்."

"பிள்ளையள்?"

"ரண்டும் பக்கத்தில நிக்குதுகள்."

நான் கத்தி அழுதேன். காவலாளி ஓடி வந்தான். மட்டக்களப்புக்காரி முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த இரண்டு கையையும் அகல விரித்து அவனை மறித்தாள். "இவளின் அக்கா சாகவில்லை," என்று டெனிஷில் சொன்னாள், "சாகவில்லை, சாகவில்லை." அவன் போய், தான் இருக்கிற கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் வைத்தான்.

இரண்டு நிமிடத்தில் எதைக் கேட்பது? என் புத்தி போன போக்கைப் பாருங்கள். "நான் அனுப்பின சீலையளும் போச்சுதே?" என்று கேட்டேன்.

"அதுகளை வெட்டி மூட்டை தைச்சனாங்கள். பங்கருக்கு மண் நிரப்பச் சாக்குக்கு எங்க போறது? எல்லாச் சனமும் சீலையிலதான் தைச்சது. உன்ர பட்டு ரண்டும் மழையோட கிழிஞ்சு மண் கொட்டுப்பட்டிட்டுது. நைலெக்ஸ்தான் நிண்டது. அதுக்குப் பின்னாலதான் நானும் பிள்ளையளும் கிடந்தனாங்கள்."

நான் வெறுத்து ஒதுக்கிய நைலெக்ஸ்.

"நீ இப்ப எங்க நிக்கிறாய்?" என்று அக்கா கேட்டாள்.

கண்ணாடிக்குள் கலியாண உடுப்பு நின்றது. கண்ணாடியில் நீலப்பட்டோடு நானும் தெரிந்தேன். "வேலையில," என்று பொய் சொன்னேன். "உனக்கு என்ன வேணும், சொல்லு."

"மாத்திறதுக்கு ஒரு சீலை. உடுத்ததோடதான் வந்தனாங்கள்." பிறகு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாறவே இல்லை. "வீடியோவில வந்ததெண்டாலும் பரவாயில்லையடி."

இணைப்பு அறுந்தது. ஏன் அனுப்புகிறேன் என்று அவளுக்கு முதல் பொதியிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு முறையும் கிடைத்தது, நல்லாயிருக்கு என்று சொல்லியிருக்கிறாள்.

அடுத்த கிழமை வவுனியாவில் இருந்த மைத்துனி மூலம் ஒரு பொதி போனது. நாலு நைலெக்ஸ், நடுவில் அந்த நீலக் காஞ்சிபுரம். முகாமில் பட்டு எதற்கு என்று மனுசன் கேட்டார். நான் பொதியை இறுக்கிக் கட்டினேன்.

ஆவணிக் கலியாணத்துக்குப் போன வருடச் சிவப்புச் சீலையை உடுத்துக்கொண்டு போனேன். வீடியோக்காரனின் வெளிச்சம் வந்தபோது தூணுக்குப் பின்னால் ஒதுங்கவில்லை. ரண்டர்ஸ்காரி ஒருத்தி பக்கத்தில் வந்து, என் முந்தானையைப் பிடித்துத் தேய்த்து, மறுபக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இது போன வருசம் உடுத்ததெல்லே?"

"ஓம்," என்றேன். "வீடியோவில வராதது ஒண்டு இருந்தது. அதை அக்கா உடுத்திருக்கிறா."