பாரம் தூக்கும் சத்தம்

பேசாலையில் கருவாட்டுச் சிப்பம் தூக்கிய அபூசாலிக்குக் கொழும்பு என்றால் பைத்தியம். இத்தனைக்கும் அந்தப் பட்டணத்தை அவன் கண்ணால் கண்டதில்லை. தலைமன்னாருக்கு ரயில் வந்ததிலிருந்து, அவன் கையால் கட்டிய சிப்பமெல்லாம் கொழும்புக்குத்தான் போயிற்று. "நாறுற கருவாடு போகுது, எனக்குப் போக ஏலாதோ?" என்று ஸ்டேசனில் நின்று சத்தம் போடுவான். ராத்திரியைப் பகலாக்கும் மின்சார வெளிச்சம், தெருவில் ஓடும் டிராம் கார், கப்பல்காரருக்கு வெளிச்சம் காட்டும் மணிக்கூட்டுக் கோபுரம் என்று தோணிக்காரர் அளந்ததெல்லாம் அவனுக்கு மனப்பாடம். சோற்றைப் போட்டுவைத்து மனைவி நசீறா கூப்பிட்டால், ஆள் நினைப்பில் கொழும்புப் புறக்கோட்டையில் உலாவிக்கொண்டிருப்பான். "அந்தக் கொழும்பையே நிக்காஹ் செய்திருக்கலாமே!" என்று அவள் எரிந்து விழுவாள்.

சிப்பத்தின் மறுபக்கத்தைப் பிடிக்கிறவன் வலன்ரைன். வேதக்காரன். கழுத்தில் எந்நேரமும் உத்தரியம் கிடக்கும், மாதா படம் தைத்த துணித்துண்டு கோத்த கயிறு. இருவரும் குனிந்து பிடித்தால் "யா முஹைதீன்!" என்று அபூசாலி கத்துவான். முஹைதீன் ஆண்டகையைக் கூப்பிட்டால் பாரம் இலேசாகும் என்பது முஸ்லிம்களான சோனகர் நம்பிக்கை. வருடக்கணக்காகச் சேர்ந்து தூக்கியதில் வலன்ரைனுக்கும் அது வாயில் ஒட்டிக்கொண்டது. ஒரு திருநாளில், மாதா சுரூபம் வைத்த கூட்டைத் தோளில் ஏற்றும்போதே "யா முஹைதீன்!" என்று கத்திவிட்டான். சுவாமியார் அவனைக் கோயில் வாசலில் முழங்காலில் நிறுத்தினார். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டு வைகாசியில், அபூசாலி கெஞ்சாத குறையாக வலன்ரைனையும் இழுத்துக்கொண்டு கொழும்புக்கு ரயில் ஏறினான். பட்டணத்துக்கென்றே வாங்கிய சிவப்புத் துருக்கித் தொப்பி தலையில். மாப்பிள்ளை தோற்றான்!

பொல்கஹவெலயில் ரயில் நின்றபோது, ஒரு தமிழ்க் காவல்காரன் தொப்பியைக் கண்டு ஓடிவந்தான். "கண்டியில சிங்களச் சனம் சோனகற்ற கடையெல்லாம் எரிக்குது. கொழும்பிலயும் துவங்கீற்றுதாம். திரும்பிப் போங்கோ!"

"திரும்புவம் மச்சான்," என்றான் வலன்ரைன்.

"வாசல் வரைக்கும் வந்திட்டுத் திரும்பிறதோ? பயமெண்டா நீ இறங்கு."

சொன்னால் கேட்கிற ஆளா அவன்? வலன்ரைன் இறங்கவில்லை. தொப்பியைப் பிடுங்கி ஜன்னலால் எறிந்தான். தன் உத்தரியத்தைக் கழற்றி அபூசாலியின் கழுத்தில் போட்டான். "எனக்கு மூஞ்சியிலயே எழுதிக் கிடக்கு, வேதக்காரன் எண்டு. உனக்குத்தான் இது வேணும்."

மருதானையில் இறங்கும்போதே எரிந்த துணி நாற்றம் தொண்டையைப் பிடித்தது. அபூசாலி கனவு கண்ட தெருக்களில் சீலைக் குவியல்கள் புகைந்தன, கண்ணாடித் துண்டுகள் காலை வெட்டின. ஒரு வயோதிபரைத் தாடியில் பிடித்துக் கடையிலிருந்து இழுத்துவந்து, தலையைப் படிக்கல்லில் மோதினார்கள். மூன்றாவது மோதலுக்குப் பிறகு அவர் கையை உயர்த்தவில்லை. புகைக்கு மேலே தூரத்தில் ஒரு கோபுரம் தெரிந்தது. அதுதான் மணிக்கூட்டுக் கோபுரமோ என்று பார்க்க அபூசாலிக்கு மனமே வரவில்லை.

திரும்புமுன் கும்பல் வளைத்துக்கொண்டது. பொல்லும் கத்தியும் இரும்புக் கம்பியுமாக முப்பது பேர் இருப்பார்கள். ஒருவன் அபூசாலியின் தலைமயிரைப் பிடித்துக் கழுத்தை வளைத்தான். தமிழ் தெரிந்த இன்னொருவன் கேட்டான்: "சோனகனா?"

"வேதக்காரர் ஐயா! பேசாலை!" என்று வலன்ரைன் அபூசாலியின் உத்தரியத்தை வெளியே இழுத்துக் காட்டினான்.

"சிலுவை போடு."

அபூசாலி போட்டான். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். பேசாலையில் ஆயிரம் தரம் கண்டதாயிற்றே. உள்ளே அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டபடியே போட்டான். பிடி தளர்ந்தது. ஒருவன் முதுகில் தட்டிச் சிரித்தான். உயிர் திரும்பி வந்தது.

"பாரம் தூக்கிற தோள்," என்றான் தமிழ் தெரிந்தவன். "இதைத் தெருவுக்குக் கொண்டு வாங்க." கொள்ளையடித்த கடை வாசலில் ஓர் இரும்புப் பெட்டி, நாலு பேருக்கும் அசையாமல் கிடந்தது.

இருவரும் குனிந்து, வழக்கம்போல எதிரெதிரே பிடித்தார்கள். தொண்டைக்குள் அந்தக் கத்தல் ஏறுவது அபூசாலிக்குத் தெரிந்தது. இரத்தம் கசிய உதட்டைக் கடித்தான். தன் வாயைத்தான் நினைத்தான், பாவி. எதிரே நின்றவனின் வாயை நினைக்கவில்லை.

"யா முஹைதீன்!"

வலன்ரைனின் பெரிய குரல் தெரு முழுக்கக் கேட்டது. பெட்டி எழும்பியது. முதல் பொல்லு அவன் தோளில் விழுந்தது. பெட்டி நழுவி அவன் பாதத்தை நசுக்கியது.

"நான் வேதக்காரன்! மாதாவாணை!" என்று கழுத்தைத் தடவினான். அங்கே ஒன்றுமில்லை. "மச்சான், சொல்லடா! சொல்லடா!"

இவன்தான் வேதக்காரன், சோனகன் நான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த பொல்லு தனக்கு. அபூசாலியின் வாய் திறக்கவில்லை. கோழை என்று திட்டுவதானால் திட்டுங்கள், நானும் திட்டித் தீர்த்திருக்கிறேன். கம்பி மண்டையில் இறங்கியது. வலன்ரைனின் கண்கள் கடைசிவரை இவனையே பார்த்தன. அவன் அசைவற்றுக் கிடந்த பிறகும் அடித்தார்கள்.

பட்டாளம் வந்து கலகம் அடங்கியபின், அபூசாலி பேசாலைக்கு வந்து வலன்ரைனின் மனைவி றஞ்சிதத்தின் வேலிப் படலையில் நின்றான். சாவுச் செய்தி அவளுக்கு முன்னரே வந்திருந்தது.

"உயிர் போகேக்க யேசுவைக் கூப்பிட்டவரோ, நானா?" என்று, சோனக அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில் கேட்டாள்.

பொய் சொல்லத்தான் வந்தான். வாய் வரவில்லை. "முஹைதீன் ஆண்டகையைக் கூப்பிட்டவன் தங்கச்சி. அதாலதான் அடிச்சவங்கள்."

"பாரம் தூக்கினவரோ?"

"ஓம்."

"தனியவோ?"

"இல்லை. நானும்தான்."

"ரெண்டு பேரும் சேர்ந்துதானே கத்துவீங்கள். நீங்கள் ஏன் கத்தேல்லை?"

அபூசாலி உத்தரியத்தைக் கழற்றி நீட்டினான். வலன்ரைன் தன் கையால் போட்டுவிட்டதென்று அழுதான். றஞ்சிதம் அதைத் தொடவில்லை.

"அவர் உங்களுக்கெண்டு தந்தது. நீங்களே போட்டுக்கொண்டு திரியுங்கோ," என்று சொல்லிப் படலையைச் சாத்தினாள்.