ஏழாவது குழியில் வெள்ளைக் காலுறைகள்

போன மார்கழியில் ஏற்காட்டில் நடந்தது இது. வசதியானவர்கள் ஆடும் கோல்ஃப் மைதானங்களுக்குப் போய், நானே ஆடிப் பார்த்து, அமைப்பு எப்படி என்று அறிக்கை எழுதிக் கொடுப்பது என் வேலை. குறை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிறவன். வீட்டில் ரசத்துக்கும் குறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

மாரமங்கலம் போகும் வழியில், தன் காபி எஸ்டேட்டில் ஒரு பகுதியை மைதானமாக மாற்றியிருந்தார் ஓர் அம்மா. இன்னும் திறக்கவில்லை. “நீங்க திருத்தச் சொல்றதைத் திருத்திட்டுப் பொங்கலுக்குத் திறந்துரலாமுங்க” என்றார். அதற்காகவே பொக்லைன் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்.

ஆறு குழிகள் வரை எனக்குக் குறையே கிடைக்கவில்லை. சில்வர் ஓக் மரங்களை வெட்டாமல், புல்தரையை அவற்றுக்கு ஏற்ப வளைத்துக் கொண்டுபோயிருந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அடிவாரம் வரை கண்ணுக்குத் தெரிந்தது. மனசுக்குள் சபாஷ் போட்டுக்கொண்டே ஆடினேன்.

ஏழாவதில் மாட்டினார்கள். புல்தரைக்குக் குறுக்கே ஒரு நீளமான பள்ளம். அருமையாக அடித்த என் பந்து உருண்டுபோய் அதில் விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏனுங்க, இதை நிரப்பச் சொல்லுங்க. இல்லாட்டி இதைத்தான் முதல் குறையா எழுதுவேன்!”

அந்த அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. “மைதானத்தை வரைஞ்சு குடுத்தவரு இதை மட்டும் தொடாதீங்கன்னாருங்க. ஏன்னு சொல்லலீங்க. சரி, நாளைக்கே நிரப்பிரலாமுங்க.”

பந்தை எடுக்கக் கிளம்பினேன். அதற்குள் பனிமூட்டம் இறங்கி, நீட்டிய கை தெரியாமல் மூடிக்கொண்டது. நின்றோம். கொஞ்ச நேரத்தில் தரையை ஒட்டி மட்டும் லேசாக விலகியது. பள்ளத்தின் மேல்முனையில், முழங்கால் வரை வெள்ளைக் காலுறைகள்! திறக்காத மைதானத்தில் யாரடா இவர்கள்?

“ஏனுங்க, என் பந்தை மிதிச்சுராதீங்க!” என்று கத்திக்கொண்டே இறங்கினேன்.

அந்த அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “அய்யோ, சத்தம் போடாதீங்க! காட்டுமாடுங்க!”

மூட்டம் கலைந்தது. அம்மாடியோவ்! பாறை மாதிரி கறுத்த உடம்பு, கால் மட்டும் வெள்ளை. முன்னால் நின்றது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. இறங்க வைத்த காலை மெல்லப் பின்னால் எடுத்தேன். நீயெல்லாம் ஒரு ஆளா என்பதுபோல் அது திரும்பிப் பள்ளத்துக்குள் இறங்கியது. பின்னாலேயே ஒவ்வொன்றாக மற்றவை, நடுவில் ஒரு கன்று. அந்தப் புல்தரையில் ஒரு குளம்புகூடப் படவில்லை. நான் குறை என்று சொன்ன வழியிலேயே எல்லாம் கீழே ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போயின. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

“ராத்திரியில வருமுன்னு தெரியுமுங்க. இதுதான் அதுங்க தடமுன்னு இன்னைக்குத்தானுங்க பாக்கறேன். நொம்ப பெரிய தப்புப் பண்ண இருந்தமுங்க” என்றார் அந்த அம்மா, கண் கலங்க. “பொக்லைன் வண்டியை அனுப்பிரட்டுங்களா?”

“அனுப்பிருங்க” என்றேன்.

பிறகு போய்ப் பார்த்தோம். என் பந்து ஒரு குளம்புத் தடத்துக்குள் அமுங்கிக் கிடந்தது. அதை எடுக்க மனம் வரவில்லை.

இப்போதும் எந்த மைதானத்தில் பள்ளத்தைக் கண்டாலும், பேனாவை மூடி வைத்துவிட்டு, இது யார் நடக்கும் வழியோ என்று முதலில் சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன்.