மிஸ்ஸி வாணி போடாத கம்பி

குருபோங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்குப் பல் வலித்தாலும் முதலில் தட்டுவது வாணி வீட்டு கேட்டைத்தான். மலாக்கா டவுனில் ஒரு பல் கிளினிக்கில் அவள் உதவியாளர். டாக்டருக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பதும், வாயில் ஊறும் எச்சிலைக் குழாயால் உறிஞ்சுவதும்தான் அவள் வேலை. நாங்களோ நர்ஸைக் கூப்பிடுவதுபோல் 'மிஸ்ஸி, மிஸ்ஸி' என்று கூப்பிட்டே அவளைப் பாதி டாக்டராக்கி வைத்திருந்தோம்.

அவள் தம்பி காந்தனின் மனைவி புனிதாவுக்கு முன்பல் கொஞ்சம் எடுப்பாக இருக்கும். ஒருநாள் வந்து வாணி எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணி, என் பல்லுக்குக் கம்பிய நீங்களே போட்டு விடுங்க லா. டெய்லி பக்கத்துல நின்னு பாக்குறீங்கதானே?"

"பாக்குறேன் லா. போடுறது டாக்டர். எக்ஸ்ரே எடுத்து, எந்தப் பல்லு எங்க நகரணும்னு பாத்து, அவர்தான் ஒட்டணும், அவர்தான் இறுக்கணும். அதுக்குன்னே தனியா படிச்சவரு."

"சொந்தக்காரிக்குச் செய்ய மனசு இல்லன்னு சொல்லுங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவள், உம்பாய் என்ற ஊரில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடும் ஒருத்தியைப் பிடித்தாள். அந்த மேக்கப்காரி வீட்டு சோபாவில் படுத்தே கம்பி மாட்டிக்கொண்டாள். அந்தம்மாவுக்குக் கண்மை தீட்டும்போது கை நடுங்காதாம், அதனால் கம்பியும் நன்றாகப் போடுவாராம். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்ல! கம்பியில் மாட்டிய பச்சை ரப்பர் தெரியச் சிரித்த படம் எங்கள் எல்லோர் போனுக்கும் வந்தது. வாணிக்கு மட்டும் வரவில்லை. அவளுக்கு அது ரொம்பவே வலித்தது.

தீபாவளியன்று காந்தன் மனைவியை அக்கா வீட்டுக்கு வற்புறுத்திக் கூட்டி வந்தான். புனிதா முறுக்கை எடுத்தாள், ஆனால் கடிக்கவில்லை. தேநீரில் ஊறவைத்து ஊறவைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். வாணி அதைப் பார்த்துவிட்டாள். அறைக்குள் அழைத்துப்போய் வாயைத் திறக்கச் சொல்லி விரலால் தொட்டாள். முன்பல் ஆடியது.

லீவு முடிந்ததும் அவளே கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் கம்பியைக் கழற்றினார். வாணி வழக்கம்போல் பக்கத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பி கண்டபடி இழுத்ததில் பல்லின் வேர் தேய்ந்திருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தது. பல் நிற்குமா என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் புனிதா காரில் அழுதுகொண்டே வந்தாள். குருபோங் சிக்னலில் வண்டி நின்றபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க போட்டிருந்தா இப்படி ஆயிருக்காதுல்ல, அண்ணி?"

வாணி திரும்பி அவளைப் பார்த்தாள்.

"அப்பவும் இதே பல்லுதான் ஆடியிருக்கும், புனிதா. போட்டவ மட்டும் நானா இருந்திருப்பேன்."