ஒன்பது நிமிடப் பக்கம்

அலுவலகத்தில் அவளுக்குச் சந்தாக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. ஒரு வார இதழின் சந்தாப் பிரிவு அவள் பொறுப்பு. பிரிவு என்றதும் பெரிய கூடம் என்று நினைத்துவிட வேண்டாம். மாடிப்படிக்கு அடியில், கூரை சரிந்த ஓர் அறை. இரண்டு மேசை, ஒரு தொலைபேசி. பக்கத்து மேசைக்காரர் ஓய்வு பெற்றுப் போனதும், விலாசம் தப்பித் திரும்பி வந்த இதழ்களை அந்த மேசையில் அடுக்கிவிட்டார்கள். நாற்காலியை விட்டு எழுந்தால் தலை இடிக்கும். இடித்து இடித்து, குனிந்தபடியே எழுந்திருக்கப் பழகிவிட்டாள். வீட்டிலும் அப்படித்தான் எழுந்திருக்கிறாள் என்று கணவர் கேலி செய்வார்.

முன்பெல்லாம் வேலை சுலபம். "இந்த வாரம் புத்தகம் வரலை" என்பார்கள். தபால்காரர் தலையில் பழியைப் போட்டு, இன்னொரு பிரதியை அனுப்பினால் கதை முடிந்தது. டிஜிட்டல் பதிப்பு வந்தபோதுதான் எல்லாம் இவள் தலையில் விடிந்தது. அச்சில் வருகிற அதே பக்கங்களைப் படமாக்கிச் செயலியில் ஏற்றுவார்கள், அவ்வளவுதான். "தாளும் உண்டு, திரையும் உண்டு, வாசகர் விருப்பம்" என்று ஆசிரியர் அறிவித்தார். கொஞ்ச நாளில் தாளின் விலையை ஏற்றி, விருப்பத்தைத் திரைப் பக்கமாகத் தள்ளிவிட்டார். தள்ளப்பட்டவர்கள் விழுந்து எழுந்து, நேராக வந்து நின்ற இடம் சந்தாக்காவின் தொலைபேசி.

ஒருவர் பழக்க தோஷத்தில் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத் திரையைப் புரட்டிவிட்டு, போன் மக்கர் பண்ணுகிறது என்றார். ஓர் அம்மாள் சண்டைக்கே வந்துவிட்டாள்.

"முன்னாடி புத்தகம் வந்தா பின்னைக் கழட்டிடுவோம். அவருக்கு முன்பாதி, எனக்குப் பின்பாதி. இப்போ இருக்கறது ஒரே போன். மனுஷன் கையை விட்டு இறக்க மாட்டேங்கறார். எதை ரெண்டா பிரிக்கச் சொல்றே?"

இன்னொரு பெரியவர் கோபமே படவில்லை. "எனக்குன்னு ஒரு புத்தகம் வருதுன்னு வீட்ல யாருக்கும் இப்போ தெரியறதில்லம்மா. முன்னாடி வாசல்ல வந்து விழும். மருமக எடுத்துட்டு வந்து, 'மாமா உங்களுக்கு'ன்னு குடுப்பா" என்றார். இதற்குச் சந்தாக்கா என்ன சொல்வாள்? "புரியுதுங்க, மேல சொல்றேங்க" என்றாள். எல்லோருக்கும் அதைத்தான் சொன்னாள்.

பிடித்துப் போனவர்களும் இல்லாமல் இல்லை. கண் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருத்தி, எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கிப் படிப்பதாகச் சொல்லி, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தினாள். ஆனால் திருப்திப்பட்டவன் எதற்கு மெனக்கெட்டு போன் செய்யப் போகிறான்? அந்த மாதிரி அழைப்பு அத்தி பூத்தாற்போலத்தான் வரும். மாலையில் வீட்டுக்குப் போகும்போது தாடை வலிக்கும். வந்ததும் அரை மணி நேரம் யாரோடும் பேச மாட்டாள். கணவருக்கு அது தெரியும். டீயை மேசையில் வைத்துவிட்டுத் தன் கட்டங்களுக்குத் திரும்பிவிடுவார்.

கட்டங்கள் என்றால் குறுக்கெழுத்துப் போட்டி. உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்த மனிதர், அதே வார இதழுக்கு வெகுகாலமாகக் குறுக்கெழுத்து போட்டுக்கொடுத்து வந்தார். இவள் அங்கே வேலைக்குச் சேர்ந்ததே, அவர் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லித்தான். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் கட்டம் சார். கிடங்கு வேலை ஓய்ந்த பிறகு அவருக்கு மிஞ்சியது அந்த ஒரு பக்கம்தான். அகராதி, இரும்பு ஸ்கேல், ரப்பர் சகிதம் சாப்பாட்டு மேசையைப் பாதி பிடித்துக்கொண்டிருப்பார். வீட்டில் சாப்பாடு எப்போதும் மீதிப் பாதி மேசையில்தான்.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. விடைகளை அடுத்த வாரத்துக்குத் தள்ள மாட்டார். அதே பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் தலைகீழாக அச்சிடச் சொல்வார். "ஒரு வாரம் காக்க வைக்கறது பாவம். ஆனா நேரா போட்டா கண்ணு தானா அங்க ஓடிடும். தலைகீழா போட்டா, பாக்கறதுக்கு முன்னாடி புத்தகத்தைத் திருப்பணும் இல்லையா? அந்த நேரத்துல மனசு மாறி, இன்னும் ஒரு தடவை யோசிப்பாங்க" என்பார். தாளில் அது நன்றாகத்தான் நடந்தது.

திரையில் நடக்குமா? விடையைப் பார்க்கப் போனைத் தலைகீழாகத் திருப்பினால், நம் செயலி மகா புத்திசாலி, பக்கத்தையும் கூடவே நிமிர்த்திக் காட்டும். விடை மறுபடி தலைகீழ். இந்தப் பக்கம் திருப்பினால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பினால் அந்தப் பக்கம். வாசகர்கள் போனை ஸ்டியரிங் போலச் சுற்றினார்கள். சுற்றிக் களைத்தவர்கள் சந்தாக்காவைக் கூப்பிட்டார்கள். திரை சுழல்வதை நிறுத்தும் வழியைச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். பாதிப் பேர் அதைத் தேடும்போது போனையே அணைத்துவிட்டு, மறுபடி கூப்பிட்டுத் திட்டினார்கள். கடைசியில் அவளே ஓர் உபாயம் கண்டுபிடித்தாள்.

"போனை மேசை மேல படுக்க வெச்சிடுங்க. கையில எடுக்காதீங்க, அசைஞ்சா மறுபடி திரும்பிடும். நீங்க எழுந்து மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்னு படிங்க."

"அப்போ நான் சுத்தணுமா?"

"ஆமாங்க. நீங்கதான் சுத்தணும்."

புகார்களையெல்லாம் வாரத்துக்கு ஒரு முறை டிஜிட்டல் பிரிவுக்கு எழுதி அனுப்புவது அவள் வேலை. அந்தப் பிரிவு வேறு கட்டடத்தில், குளிர்சாதன அறையில் இருந்தது. இந்தத் தலைகீழ் விவகாரத்தையும் எழுதத்தான் இருந்தாள். அதற்குள் ஒரு திங்கட்கிழமைக் கூட்டம் வந்தது.

கூட்டத்தில் அவளுக்குக் கதவோரத்து நாற்காலி. டிஜிட்டல் பிரிவுத் தலைவி எந்தப் பக்கத்தில் வாசகர் எவ்வளவு நேரம் தங்குகிறார் என்று படித்துக்கொண்டு போனாள். அட்டைப்படக் கட்டுரை மூன்று நிமிடம். தொடர்கதை நான்கு. தலையங்கத்துக்கு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை, ஆசிரியரும் கேட்கவில்லை. "குறுக்கெழுத்து, ஒன்பது நிமிடம்" என்றபோது அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆட்கள் தங்காத பக்கங்களை இனி எடுத்துவிடப் போவதாகவும், தங்குகிற பக்கத்தைத் தொடப் போவதில்லை என்றும் ஆசிரியர் சொன்னார். ஒன்பது நிமிடமும் மனிதர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை.

அன்று வீடு திரும்பியபோது, டீ ஆறிக்கொண்டிருந்தது. மனிதர் மேசையில் இல்லை. எதிர்வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். ஆசிரியரே போன் செய்து சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

"ஒம்போது நிமிஷம்! அட்டைப்படத்துக்கே மூணுதான் தெரியுமா? உக்காந்து யோசிச்சுப் போடறாங்க. இந்தக் காலத்துல யார் ஒம்போது நிமிஷம் ஒரே இடத்துல உக்கார்றாங்க, சொல்லுங்க பாப்போம்!"

முடிதிருத்துபவரிடம் சொன்னார், மருந்துக் கடையில் சொன்னார், தப்பு எண்ணில் கூப்பிட்ட ஒருவரிடம்கூடச் சொல்லிவிட்டார். கிடங்கு வேலை போன பிறகு அவர் இத்தனை சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை. புகாரை எழுதவே அவளுக்குக் கை வரவில்லை. அந்த வாரம் விட்டாள். அடுத்த வாரமும் விட்டாள். நாளுக்கு நாள் அழைப்புகள் கூடின. பகல் முழுவதும் முகம் தெரியாதவர்களை மேசையைச் சுற்ற வைத்துவிட்டு, மாலையில் வந்து ஒன்பது நிமிடப் பெருமையைக் கேட்டாள். இரண்டும் சேர்ந்து அவளைச் சக்கையாகப் பிழிந்துவிட்டன.

ஒரு மத்தியானம் ஒருவர் கூப்பிட்டார். அவர் படுக்கையை விட்டு எழ முடியாதவர். மேசையைச் சுற்றும் உபாயம் அவருக்கு ஆகாது. அதனால் போனைக் கட்டிலருகே முக்காலியில் வைத்து, தலையைக் கட்டில் ஓரமாகத் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார். கழுத்து பிடித்துக்கொண்டது.

"பரவாயில்லம்மா, நேத்தை விட இப்போ கொஞ்சம் திருப்ப முடியுது. இதுக்குப் போய் உங்களைத் தொந்தரவு பண்றேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். திட்டு அவளுக்குப் பழகிய சரக்கு. போனை வைத்ததும் புகாரை எழுதி அனுப்பினாள். மனசாட்சி உறுத்தி, நியாயம் பார்த்து அனுப்பினாள் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். அது முழு உண்மை இல்லை. அவளுக்கு அலுத்துவிட்டது. இன்னொரு ஆளை இன்னொரு மேசையைச் சுற்ற வைக்க அவளிடம் தெம்பு இல்லை.

அடுத்த இதழிலேயே சரிசெய்துவிட்டார்கள். திரைப் பதிப்பில் மட்டும், விடைகள் நேராக, தனியாக, தொட்டால் திறக்கும்படி வந்தன. அந்த அழைப்புகள் அன்றோடு நின்றன. கூடவே நிமிடங்களும் நின்றன. அடுத்த கூட்டத்தில் குறுக்கெழுத்துக்கு ஒரு நிமிடம்கூடத் தேறவில்லை. பார்த்தவுடன் விடையைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறார்களாம். நான்கு வாரம் பொறுத்தார்கள். பிறகு ஆசிரியர் கட்டம் சாருக்குப் போன் செய்து, எந்த வாரத்திலிருந்து நிமிடங்கள் விழுந்தன என்று சொல்லி, இடநெருக்கடி என்றார். தாளிலும் கிடையாதாம், திரையிலும் கிடையாதாம். "பரவாயில்ல சார், பரவாயில்ல சார்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததை அவள் சமையலறையிலிருந்து கேட்டாள்.

மனிதர் அழவில்லை, கத்தவில்லை. வேறு ஒன்று செய்தார். நிமிடங்கள் விழுந்த வாரத்தின் குறுக்கெழுத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதில் குற்றம் தேடினார். மாலையில் அவள் வரும்போது அதன் மேல் குனிந்து உட்கார்ந்திருப்பார். கேள்விகள் ரொம்பக் கஷ்டம், அதனால்தான் ஓடிவிட்டார்கள் என்பார் ஒரு நாள். மறுநாள், ரொம்பச் சுலபமாகப் போட்டுவிட்டேன், சப்பென்று ஆகிவிட்டது என்பார். டீ போடவும் மறந்துவிடுவார்.

"அதுக்கு முந்தின வாரம் வரைக்கும் ஒம்போது நிமிஷம் இருந்தாங்களே. இதுல மட்டும் அப்படி என்ன தப்பு விட்டேன்? நீயே பாரு, உனக்கு ஏதாவது தட்டுப்படுதா?"

அலுவலகத்தில் அவள் இன்னொன்றுக்காகக் காத்திருந்தாள். தலைகீழ் விடைக்கே அந்தப் பாடு படுத்தியவர்கள், பக்கமே காணாமல் போனதற்குச் சும்மா இருப்பார்களா? மணி அடிக்கும்போதெல்லாம் அவசரமாக எடுத்தாள். கடவுச்சொல் மறந்துவிட்டது என்றார்கள். தொடர்கதை எழுத்து சிறிது என்றார்கள். பின்னைக் கழற்றிப் படித்த அம்மாள், தனியாக ஒரு போன் வாங்கிவிட்டதாகச் சொன்னாள். கழுத்து பிடித்தவரும் கூப்பிட்டார். சந்தா முடிய இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மூன்று வாரம் ஆயிற்று. குறுக்கெழுத்து எங்கே என்று ஒரு குரல் வரவில்லை.

அன்றும் அவர் அந்தத் தாளோடுதான் உட்கார்ந்திருந்தார். ஓரங்கள் கசங்கிப் போயிருந்தன. இந்தக் கண்ணராவியை இனிப் பார்க்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் எதிரே உட்கார்ந்தாள்.

"என்னங்க, அதை மடிச்சு வைங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லை."

"பின்ன?"

சொன்னாள். போன் சுற்றியதை, மேசை சுற்றியதை, கழுத்து பிடித்தவரை, தான் முதலில் மறைத்ததை, பிறகு எழுதிப் போட்டதை, எல்லாவற்றையும் சொன்னாள். "கட்டம் எப்பவும் போல நல்லாத்தான் இருந்துச்சு. விடை நேராச்சு, நேரம் குறைஞ்சுது. அவ்வளவுதான் விஷயம்" என்று முடித்தாள். மனிதர் மேலிருந்து ஒரு பாரத்தை இறக்கி வைத்துவிட்டதாகவே நினைத்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை.

"அப்போ அந்த ஒம்போது நிமிஷமும் விடைக்குத்தானா?" என்றார். "என் கேள்விக்கு ஒரு நிமிஷம்கூட இல்லையா?"

"அப்படி இல்லீங்க. தனியா தாள்ல எழுதி வெச்சுக்கிட்டுப் போடறவங்க இருப்பாங்க. அதெல்லாம் மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

அவர் அதை யோசித்துப் பார்த்தார். முகம் லேசாகத் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அதுவும் சரிதான். அவங்க சும்மா இருந்திருக்க மாட்டாங்களே" என்றார். "பக்கத்தை நிறுத்தினதுக்கு எத்தனை பேர் போன் பண்ணாங்க?"

அவர் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு, ஓர் எண்ணுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறக்கி முடித்தபோது, அவர் கேட்பதை விட்டுவிட்டு அகராதியை எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசை முழுவதும் காலியாக இருந்தது.