முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை

கலைமகளை உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் புதுச்சேரியில் கடந்த ஆறு வருடங்களில் கல்யாணம் செய்துகொண்டவர் என்றால், உங்கள் ஆல்பத்தின் நல்ல படங்களில் பாதி அவள் எடுத்ததாக இருக்கலாம். படத்துக்குப் பின்னால் நிற்பவளின் பெயரை யாரும் கேட்பதில்லை. முதலாளியின் பெயர்தான் அட்டையில் தங்க எழுத்தில் இருக்கும்.

நான் பாக்கியலட்சுமி. காமராஜர் சாலையில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைக்கிறேன். எனக்கு மாதச் சம்பளம். கலைமகளுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் மணிக்கூலி. மணிக்கு நூற்றுப் பத்து ரூபாய். எண்பத்தைந்தாயிரம் வாங்கும் கல்யாணத்துக்கு இது அடுக்குமா என்று கேட்டால் முதலாளி விஜயராகவனிடம் பதில் தயாராக இருக்கும். கடை வாடகை, கேமரா தவணை, ஊரெல்லாம் செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று அடுக்குவார். அவர் சொல்வதில் பொய் இல்லை. அதனால்தான் அவரோடு சண்டை போடுவது இவ்வளவு கஷ்டம்.

அந்த நூற்றுப் பத்தைவிட மோசமானது, மணியைக் கணக்கிடும் முறை. ஒவ்வொரு படத்திலும் அதை எடுத்த நேரம் பதிவாகியிருக்கும். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவே எத்தனை மணியோ அத்தனைக்குத்தான் கூலி. மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரம் கணக்கில் வராது. இதைக் கண்டு, அந்த இரண்டு பேரில் ஒருவனான ராஜ்கமல் ஒரு வேலை செய்தான். உள்ளே நுழைந்ததும் மின்விசிறியை ஒரு படம் எடுத்து வைத்துவிடுவான். நான்கு மாதம் ஓடியது. ஒருநாள் ஒரு மணப்பெண்ணின் அப்பா, "இது யாரு கல்யாணத்து ஃபேனு?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து, மனிதர் இருக்கும் முதல் படத்திலிருந்துதான் எண்ண வேண்டும் என்று எனக்கு உத்தரவு. ஆமாம், எண்ணி எழுதுவது நான்தான்.

கலைமகளின் அப்பா மில் தொழிலாளி. அவள் பிளஸ் டூ முடித்து, ஒரு வருடம் ஜெராக்ஸ் கடையில் நின்று, அங்கேயே பாஸ்போர்ட் படம் எடுக்கப் பழகி, எங்களிடம் வந்தாள். வீடு கருவடிக்குப்பத்தில். புருஷன் ஓமனில் வெல்டர். மூன்று வயதுப் பெண் குழந்தை. அவள் வேலைக்கு வரும் நாட்களில் பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். அதற்கு மணிக்கு நாற்பது ரூபாய். குழந்தை தூங்கினாலும் நாற்பதுதான், விளையாடினாலும் நாற்பதுதான்.

அவள் யாரையும் சிரிக்கச் சொல்லி நான் பார்த்ததில்லை. மேக்கப் முடியும்வரை மண்டபத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். எந்தச் சித்தி எந்த அத்தையோடு பேசுவதில்லை, எந்த மாமாவை மேடைக்கு முதலில் கூப்பிடாவிட்டால் முறைத்துக்கொண்டு போய்விடுவார் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் போன கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது ஒருநாளும் தகராறு வந்ததில்லை. மற்ற இருவரும் போனால் வாரம் ஒரு சண்டை. இது வேலை இல்லையென்றால் வேறு எதுதான் வேலை?

போன ஆவணியில் கோரிமேட்டுப் பக்கம் ஒரு வரவேற்பு. மாப்பிள்ளை சொல்தா குடும்பம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் வாரிசுகளை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அண்ணன்காரர் பாரிசிலிருந்து வந்திருந்தார். முதலாளி சொன்னபடி கலைமகள் பன்னிரண்டே முக்காலுக்கே போய்விட்டாள். பெண்ணுக்கு மேக்கப் முடிய நாலு மணிக்கு மேல் ஆகிவிட்டது. முதல் படம் எடுக்கப் போகும்போது ஸ்டுடியோ கேமரா மக்கர் செய்தது. பாரிஸ் அண்ணன் நல்ல மனிதர், தன் கேமராவைக் கொடுத்தார். இவள் தன் மெமரி கார்டைப் போட்டு எடுத்தாள். ஆறு மணிக்கு ஸ்டுடியோவிலிருந்து வேறு கேமரா போய்ச் சேர்ந்தது.

அந்த அண்ணன் தன் கேமராவில் நேரத்தை மாற்றவே இல்லை. அந்த மாதத்தில் பாரிஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். நாலு மணி பத்து நிமிடத்துக்கு எடுத்த முதல் படத்தில் பன்னிரண்டு நாற்பது என்று விழுந்திருந்தது. கடைசிப் படம் நம் ஊர் நேரப்படி இரவு ஒன்பது நாற்பது. மேக்கப் சீக்கிரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, ஒன்பது மணி நேரம் என்று எழுதினேன்.

சனிக்கிழமை சம்பளச் சீட்டோடு அவள் என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, மூணரை மணி நேரம் ஜாஸ்தியா போட்டிருக்கீங்க."

படங்களைத் திறந்து பார்த்தோம். விஷயம் புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் உண்மையில் போய்ச் சேர்ந்த நேரத்துக்கும் பாரிஸ் கேமரா சொன்ன நேரத்துக்கும் ஐந்தே நிமிடம்தான் வித்தியாசம்.

"சாமியே பாத்து போட்டிருக்குடி. வாய மூடிட்டு வாங்கிட்டுப் போ" என்றேன்.

"தப்பா வந்த காசு வேணாங்கா. எனக்கு சரியா வரவேண்டியது வரணும்" என்று சொல்லிவிட்டு நேராக முதலாளி அறைக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

விஜயராகவன் அவள் நேர்மையை மெச்சி, அதிகப்படியை அடுத்த வாரக் கூலியில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். அவள் நகரவில்லை.

"பிடிச்சுக்குங்க சார். பன்னெண்டே முக்காலுக்கு என்னைய வரச் சொன்னது யாரு?"

"நான்தாம்மா."

"அந்த நேரத்துல நான் வீட்டுக்குப் போயிருக்கலாமா?"

"அதெப்படி? எப்ப கூப்பிடுவாங்கன்னு தெரியாதே."

"அப்ப அது வேலதான சார்? எங்கப்பா மில்லுல மெஷின் நின்னாலும் கூலி நிக்காது. அன்னிக்கு எனக்கு வர்றது அறுநூத்து அஞ்சு. அஞ்சலாட்சி அக்காவுக்கு மட்டும் நானூத்து இருவது குடுத்தேன். இப்டியே போனா நான் வேலைய விட்டு நின்னுக்கத்தான் வேணும்."

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. உனக்கு மட்டும் மாத்த முடியாது" என்றார்.

"சரி சார். இனிமே மொதப் படம் எத்தன மணிக்குன்னு சொல்லுங்க. அந்த மணிக்கு வர்றேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் கத்தியிருப்பார். பஸ் நேரம் விசாரிப்பவள் போலத்தான் கேட்டாள். அவரும் தலையாட்டிவிட்டார்.

அடுத்த வாரம் லாசுப்பேட்டையில் ஒரு நிச்சயதார்த்தம். மற்ற இருவரும் வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். மேக்கப்காரம்மாவைக் கேட்டு, முதல் படம் நாலு மணிக்கு என்று முதலாளியே கலைமகளிடம் சொன்னார். மாதிரி ஆல்பங்களைக் காட்ட அவரும் நானும் போயிருந்தோம்.

என் அனுபவத்தில் முதல் தடவையாக மேக்கப் முன்கூட்டியே முடிந்தது. மூன்று பத்துக்குப் பெண் தயார். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, நெற்றியில் வேர்வை. "போட்டோக்காரர் எங்க?" என்று பெண்ணின் தாய்மாமா ஆரம்பித்தார். முதலாளி போன் போட்டார்.

"நாலுன்னுதான சார் சொன்னீங்க? பாப்பாவுக்கு சோறு ஊட்டிட்டு இருக்கேன். நாலுக்கு வந்துடறேன்."

அந்த ஐம்பது நிமிடமும் விஜயராகவன் மண்டப வாசலில் நின்றார். போய் உட்காரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். யாரோ காபி கொண்டுவந்தார்கள், அது தாய்மாமாவுக்குப் போனது. எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

நாலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கலைமகள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள்.

"அம்பது நிமிஷமா இங்கயே நிக்கிறேன், தெரியுமா?" என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

அவள் பையைத் திறந்து லென்சைத் துடைத்தபடி கேட்டாள். "ஒரு நாற்காலிகூடப் போடலயா சார்? போட மாட்டாங்க. நமக்கெல்லாம் யாரும் போட மாட்டாங்க."

அவள் குரலில் கிண்டலே இல்லை.

நானும் அவரும் காரில் திரும்பினோம். ராஜீவ்காந்தி சிலை சிக்னலில் நின்றபோது, "பாக்கியம், இந்த வாரத்துலேர்ந்து மண்டபத்துக்கு வந்த நேரத்த எழுது. எல்லாருக்கும்" என்றார். நூற்றுப் பத்து நூற்றுப் பத்தாகவே இருந்தது. அது நியாயமில்லை என்று இன்றும் சொல்வேன், அவர் எத்தனை தவணை கட்டினாலும்.

சனிக்கிழமை சீட்டை வாங்கிய கலைமகள் இரண்டு முறை படித்தாள். முகம் மலர்ந்தது. எனக்கும் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தில், நானும் ஏதோ அவளுக்காகப் போராடியவள் மாதிரி, "இத்தன வருஷம் எவ்ளோ நேரம் வீணாப் போச்சுடி உனக்கு" என்றேன்.

"ஆமாங்கா" என்றாள். சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். "மண்டபத்துல சும்மா நிக்கிறப்ப பாதி நாளு உங்களுக்குத்தான போன் பண்ணுவேன். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் பேசுவோம். மொதப் படத்துலேர்ந்து எண்ணி எழுதறப்ப, நான் அங்க போய் நிக்கிறது ஒங்களுக்குத் தெரியும்தானக்கா?"

கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.