தே கலர்

கண்ணாடி போட்டும் ரெசிஸ்டரின் அளவைச் சொல்லும் வண்ணக் கோடுகள் எனக்குப் பிடிபடுவதில்லை. நான் நிறத்தைச் சொல்வேன், என் மனைவி டப்பாவிலிருந்து எடுத்துத் தருவாள். எங்கள் எஸ்டேட் ஜெபக்கூடத்து ஸ்பீக்கரில் மைக் சத்தம் போதவில்லை என்று, இடையில் வைக்க ஒற்றை டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை அப்படித்தான் செய்தோம். பகாவ் டவுன் கடையில் ரெடிமேடாகவே கிடைக்கும். என் வாய் சும்மா இருக்குமா? நானே செய்கிறேன் என்று சபையில் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அதில் முதலில் பாடப்போவது அவள். பல வருடம் கெஞ்சி இப்போதுதான் சம்மதித்திருந்தாள். சனிக்கிழமை காலை பாடிப் பார்க்கச் சொன்னேன். ஸ்பீக்கரில் தவளை கத்தியது.

"என் கொரலு இவ்ளோதான்லா. நாளைக்கு வேற யாரையாச்சும் பாடச் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என் கைவேலையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. டிரான்சிஸ்டரைத் திட்டிக்கொண்டே மாற்றினேன். புதியதும் தவளைதான். கடைசியாக மீட்டரை எடுத்தேன். ஒன்பது வோல்ட் பேட்டரிக்கு, டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் கலெக்டர் என்பதில் ஏறக்குறையப் பாதி நிற்க வேண்டும். அப்போதுதான் ஒலி மேலும் கீழும் ஆட இடமிருக்கும். இங்கே இரண்டு வோல்ட்கூட இல்லை. எமிட்டர் காலிலும் கிட்டத்தட்ட அதே அளவு. மூன்றாவது காலான பேஸுக்கு மின்சாரம் அளவுக்கு மீறிப் போகிறது. பேஸிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டரைக் கழற்றி அளந்தேன். பத்து கிலோ ஓம் இருக்க வேண்டியது முப்பது காட்டியது.

"நான் என்ன கலர் சொன்னேன்?"

"தே கலர், கறுப்பு, ஆரஞ்சு. மொதக் கோடும் கடைசிக் கோடும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. ஒரே கலருக்கு ரெண்டு பேரு வெச்சிருக்கீங்கன்னு விட்டுட்டேன்லா."

சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து நான் குடிப்பது பாலில்லாத தேநீர், தே ஓ; நல்ல பழுப்பு, ரெசிஸ்டர் கணக்கில் ஒன்று. அவளுடையது டின் பால் ஊற்றிய தே தாரிக்; ஆரஞ்சு, ரெசிஸ்டர் கணக்கில் மூன்று. தினமும் எதிரெதிரே உட்கார்ந்துதான் குடிக்கிறோம். 'தே கலர்' என்றால் யாருடைய கோப்பை என்று நான் சொன்னதே இல்லை.

சரியான ரெசிஸ்டரை வைத்ததும் கலெக்டரில் ஐந்து வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக நின்றது. பயந்து பயந்து பாடினாள். அவள் குரல்தான், சுத்தமாக வந்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

பாதியில் நிறுத்தினாள்.

"அப்ப தவளை யாரு?"

"நான்தான்" என்று முனகினேன்.

மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"இதுல சொல்லுங்க."