பெயர் சொல்லிக் கூப்பிட்டது

தையல் மெசின் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதலாளி அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: மெசினை ஓட்டிக் காட்டும் விளக்கக் கூட்டத்துக்கு வருகிறவர்களின் பெயரை மனதில் வைத்திரு, நடுநடுவே பெயர் சொல்லிக் கூப்பிடு. அப்படிக் கூப்பிட்டால் சனம் காதைக் கொடுக்கும் என்பார். எனக்கு அது சுலபமாக வந்தது. முப்பது பெயரை ஒருமுறை வாசித்தால் போதும்.

எண்பத்தாறாம் ஆண்டு, கடலோரத்துக் குருநகரில் மாதா கோயிலை ஒட்டிய மண்டபத்தில் ஒரு கூட்டம். பின்னேரம் மூன்று மணி. வந்த பெண்கள் வாசலிலிருந்த கொப்பியில் பெயர் எழுதிவிட்டு உட்கார்ந்தார்கள். மெசினின் மிதிபலகையை மிதித்துக் காட்டியபடி, கொப்பியில் பார்த்த ஒரு பெயரைச் சொல்லி, வந்து ஊசியில் நூல் கோர்க்கும்படி கேட்டேன்.

யாரும் எழும்பவில்லை. விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. முன்வரிசையில் ஒருத்தி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் வரிசையிலிருந்த ஐம்பது வயதுப் பெண் மட்டும் என்னை நேராகப் பார்த்தாள்.

"இன்னொருக்கால் கூப்பிடுங்கோ பிள்ளை. அவள் கூப்பிட்ட உடனை எழும்பமாட்டாள்."

கூப்பிட்டேன். கடைசி வரிசையில் கதிரை ஒன்று சீமெந்தில் அரைபடும் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். அந்த வரிசையில் ஒருவரும் இல்லை. யன்னல்களும் சாத்தியிருந்தன.

"ஓம், வந்திட்டாள். நீங்கள் கதையுங்கோ" என்றாள் அந்தப் பெண், நிம்மதியாக.

நான் என்ன கதைத்தேன் என்று நினைவில்லை. தையல் கோணிக்கோணிப் போனது.

முடிந்தபின் மாதர் சங்கத் தலைவி என்னை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார். அது அந்தப் பெண்ணின் மகளின் பெயர். இரண்டு வருசத்துக்கு முன் மகள் இந்தியாவுக்கென்று ஏறிய வள்ளம் கரை சேரவில்லை. தாய் எங்கே போனாலும் தன் பெயரோடு மகளின் பெயரையும் எழுதுவாள். ஊரில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை; சொன்னால் தாய் வாசலைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள்.

புறப்படும்போது அந்தத் தாய் வந்து என் கையைப் பிடித்தாள். உள்ளங்கை குளிர்ந்திருந்தது.

"நீங்கள் கூப்பிட்டால் வாறாள். அடுத்த முறை எப்ப வருவியள்?"

அடுத்த மாதம் என்றேன். ஆனால் நான் போகவில்லை. கூட வேலைசெய்த ஒருத்தியை அனுப்பினேன். அதன்பிறகு எந்தக் கூட்டத்திலும் நான் யாரையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை; எல்லோரும் எனக்கு அக்கா, தங்கச்சிதான். முதலாளி காரணம் கேட்டார். ஞாபகம் முன்போல் இல்லை என்று பொய் சொன்னேன்.